டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: புறப்படும் நேரத்துக்கு முன்பே போய் இறங்கலாம்

இரண்டு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 8,800 கிலோமீட்டர். தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் பறக்கும் நேரம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். இங்கே பத்தேகால் மணி நேரம் வரும்.

ஆனால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, அமெரிக்கா போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். சுமார் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். பதினொன்றரை, குளிர்காலத்தில் 12 மணி நேரம்கூட ஆகும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் டோக்கியோ 16 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, குளிர்காலத்தில் 17. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறினால், அதே சனிக்கிழமை காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவீர்கள். ஆகவே ஓட்டல் அறையைச் சனிக்கிழமைக்கே பதிவு செய்யுங்கள். ஞாயிறு என்று போட்டுவிட்டுப் பெட்டியோடு வரவேற்பறையில் நிற்பவர்கள் உண்டு.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். சனி நண்பகல் கிளம்பினால் ஞாயிறு மாலைதான் டோக்கியோ. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் அருகே சின்னதாக +1, அதாவது மறுநாள், என்று இருக்கும். திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டியவர்கள் அதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.