புளி கரைக்காத மீன் கறி: சோற்றைக் குறைப்பவர்களுக்கு

மீனில் மாவுச்சத்து கிடையாது, கறியில் உண்டு. விதை நீக்கிய புளி 30 கிராம் கரைத்தால் அதிலேயே 15 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதோடு சின்ன வெங்காயம் ஒரு கை, உருளைக்கிழங்கு, கடைசியில் கொஞ்சம் சீனி என்று சேர்த்தால், சோற்றைக் குறைத்த பலனில் பாதி கறியிலேயே போய்விடும்.

அதனால் புளிக்குப் பதில் ஆசாம் கெப்பிங் போடுங்கள், அதாவது நறுக்கிக் காயவைத்த புளிப்புப் பழத் துண்டு. பினாங்கில் ஆசாம் லக்சா என்ற புளிப்பு மீன் நூடல்ஸுக்குப் போடும் அதே காய்ந்த துண்டுதான். சவ்ராஸ்டா மார்க்கெட்டிலும் பக்கத்து மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

மூன்று பேருக்கு அரைக் கிலோ தெங்கிரி (வஞ்சிரம்), 2 செ.மீ. கனத்தில் வெட்டியது. கெம்போங்கும் (கானாங்கெளுத்தி) நன்றாக இருக்கும், விலையும் குறைவு. பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, பூண்டு 5 பல், இஞ்சி சிறு துண்டு, வெண்டைக்காய் 6, ஆசாம் கெப்பிங் 3 துண்டு, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. தாளிக்கக் கடுகு, வெந்தயம் அரை அரை தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து. மீன் கறித்தூள் 3 மேசைக்கரண்டி. பாக்கெட் தூள் என்றால் பின்பக்கத்தைப் படியுங்கள்; அரிசியோ பருப்போ சேர்த்து அரைத்த தூளும் உண்டு.

வெண்டைக்காயை முழுசாக, கொஞ்சம் எண்ணெயில் 3 நிமிடம் வதக்கித் தனியே வையுங்கள். பச்சையாகப் போட்டால் கறி வழவழத்துவிடும். கறித்தூளைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள்; சூடான எண்ணெயில் நேரே கொட்டினால் கருகும். வெங்காயம், இஞ்சி, பூண்டை ஒன்றாகவும் தக்காளியைத் தனியாகவும் அரையுங்கள்.

கடுகு வெடித்ததும் வெந்தயம். அது பொன்னிறமானால் போதும், சிவந்தால் கசக்கும். கறிவேப்பிலை, வெங்காய விழுது, பிறகு குழைத்த தூள். சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள், 8 முதல் 10 நிமிடம் ஆகும். இங்கேதான் அவசரப்படக்கூடாது. புளிக்கரைசல் தரும் கெட்டித்தன்மை இந்தக் கறிக்குக் கிடையாது. வதங்கிய விழுதுதான் அதை ஈடுகட்ட வேண்டும். அப்படியும் தண்ணீராக இருந்தால் மீன் போடும் முன்பே வற்றவிடுங்கள், மாவு கரைத்து ஊற்றாதீர்கள்.

தக்காளி விழுதும் வதங்கியதும் 400 மில்லி தண்ணீர், உப்பு, கழுவிய ஆசாம் கெப்பிங். பத்து நிமிடம் கொதிக்கட்டும். துண்டு கரையாது, புளிப்பு மெதுவாகத்தான் இறங்கும், ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் சுவைத்துவிட்டு நான்காவது துண்டைப் போட்டுவிடாதீர்கள்.

தீயைக் குறைத்து மீனையும் வெண்டைக்காயையும் பரப்பி வையுங்கள். தெங்கிரிக்கு 7 நிமிடம், முழு கெம்போங்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. கரண்டி போட்டால் உடையும். சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும். கடைசியில் தேங்காய்ப்பால். ஓரத்தில் குமிழி வந்ததும் அடுப்பை அணையுங்கள், தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துவிடும்.

சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி, மூடாமல் பெருந்தீயில் 4 நிமிடம் வதக்குங்கள். மூடினால் நீர் விட்டுக் குழையும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றை ஒரேயடியாக நிறுத்தும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், சர்க்கரை அளவு திடீரென இறங்கக்கூடும்.

மறுநாளைக்கு வைப்பதென்றால் ஆசாம் கெப்பிங்கை எடுத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு.