டயானிக் கடற்கரைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் டயானிக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் பயணத் திட்டத்தைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. தொப்பி, வெயில் களிம்பு பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான திட்டங்களில் முதலில் சொல்லப்போகும் பிழை தவறாமல் இருக்கிறது, வேறு சிலவும் உண்டு.

ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைப்பது

முதலில் கடற்கரையில் குதிரைச் சவாரி, பிறகு ஸ்கூபா, அதாவது காற்றுக் கலனைச் சுமந்து கடலுக்குள் மூழ்குவது, அதன்பின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் சஃபாரி என்று அடுக்குகிறார்கள். கடலுக்கடியில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கையில் உடல் திசுக்களில் நைட்ரஜன் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால் அந்த நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் தந்தையும் மூத்த மகளும் தொடர்ந்து சில நாட்கள் கடலில் இறங்கினார்கள். கடைசி முறை மூழ்கி எழுந்து அவர்கள் படகேறியது மாலை நான்கு மணிக்கு. டயானியை ஒட்டிய உகுண்டா விமானத் தளத்திலிருந்து மாராவுக்கு விமானம் மறுநாள் காலை எட்டு மணிக்கு. இடைவெளி 16 மணி நேரம்தான். தந்தை முன்கூட்டியே சந்தேகம் கேட்டிருக்கிறார். பயணத்தை ஏற்பாடு செய்தவரோ, சிறிய விமானம் தாழ்வாகத்தான் பறக்கும் என்று சொல்லிவிட்டார். இந்தப் பதிலை எப்போது கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. இத்தகைய சிறிய விமானங்கள் பலவற்றில் காற்றழுத்தத்தைக் காக்கும் வசதியே கிடையாது. போதாக்குறைக்கு மாரா சமவெளியே கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்கூபா பயிற்றுநர் தடுத்ததால் அவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். நான்கு பேரின் பயணச்சீட்டுப் பணமும் விடுதியின் முதல் இரவுக் கட்டணமும் போயின. கடலில் இறங்காத தாயும் இளைய மகனும் அன்று மாலை குதிரைச் சவாரியில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. வரிசையை மாற்றியிருந்தால் ஒரு ஷில்லிங்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

விமானத்தைத் தவிர்த்து மொம்பாசாவிலிருந்து ரயிலில் போனாலும் இதே கவனம் வேண்டும், ஏனெனில் நைரோபி ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சஃபாரியை முதலில் முடித்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்குங்கள். அங்கே முதல் நாட்களை ஸ்கூபாவுக்கும் கடைசி நாளைக் குதிரைக்கும் ஒதுக்குங்கள்.

கோடை விடுமுறையில் போவது

நம் பள்ளிகளின் ஏப்ரல், மே விடுமுறை அங்கே பெருமழைக் காலம், கடலும் கலங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து கஸ்காசி காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை நீர் தெளிவாக இருக்கும்.

ஓதம் (கடல் ஏறி இறங்குவது) பார்க்காமல் சவாரிக்கு நேரம் குறிப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மூன்று மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். நீர் உள்வாங்கிய பிறகு கிடைக்கும் ஈர மணல்தான் குதிரைக்கு ஏற்றது. மேட்டு மணல் பொதபொதவென்று இருப்பதால் அதன் கால் தசைநாண்கள் துன்பப்படும்.

எட்டு வயதுப் பிள்ளையை ஸ்கூபாவுக்குக் கடலில் இறக்குவது

கூடாது. பத்து வயதாகட்டும்.

ஸ்கூபாவுக்கான மருத்துவப் படிவத்தை அங்கே போய் நிரப்புவது

ஆஸ்துமா போன்ற ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலே மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள். ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மலேரியா மாத்திரை எழுதித் தரும்போது ஸ்கூபா செய்யப் போவதையும் அவரிடம் சொல்லுங்கள், மெஃப்ளோகுயின் என்ற மலேரியா மாத்திரை ஸ்கூபாவுக்கு உகந்ததல்ல.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்தில் போடுவது

ஊசி போட்ட சான்றிதழ் 10 நாட்கள் கழித்தே செல்லுபடியாகும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தலாம்.