கேட்டி உங்கள் முகவரி, உங்கள் நகரம் அல்ல: ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

ஹூஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கும் நம்மவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் "கேட்டி" என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்டி நகரத்துக்குள் இல்லவே இல்லை. 2020 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள்தொகை 22,000-ஐக்கூடத் தொடவில்லை. சிங்கோ ரான்ச் முழுக்கக் கடிதங்களில் கேட்டி என்று இருந்தாலும், அது எந்த நகராட்சிக்கும் உட்படாத பகுதி. முகவரியில் உள்ள ஊர்ப்பெயர், தபால் எந்த அஞ்சலகம் வழியாக வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

இது தெரியாமல் சாலையில் பள்ளம் என்று கேட்டி நகராட்சிக்கு போன் போடுவார்கள். "நீங்கள் எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று பதில் வரும். நகராட்சித் தேர்தலில் ஓட்டுச்சீட்டு ஏன் வரவில்லை என்று யோசிப்பார்கள். சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் கவுண்டியின் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து மதிப்பைக் கணக்கிடும் அமைப்பு) இணையதளத்தில் வீட்டு முகவரியைத் தேடுங்கள். அந்த வீட்டுக்கு வரி போடும் அமைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும். கவுண்டி, பள்ளி மாவட்டம், மட் (MUD, தண்ணீர், சாக்கடை வசதிக்கான மாவட்டம்), தீயணைப்புக்கான அவசர சேவை மாவட்டம் என்று ஒவ்வொன்றும் தனி அரசு. அந்தப் பட்டியலில் எந்த நகரத்தின் பெயரும் இல்லையென்றால் நீங்கள் எந்த நகரத்திலும் இல்லை. அப்போது சாலைக்குக் கவுண்டி கமிஷனர், காவலுக்கு ஷெரிஃப் அல்லது கான்ஸ்டபிள்.

அடுத்த குழப்பத்தை நாம் ஊரிலிருந்தே பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறோம். கவுண்டி என்றால் மாவட்டம், கவுண்டி ஜட்ஜ் என்றால் கலெக்டர். அப்படியில்லை. கலெக்டர் மாநில அரசு அனுப்பும் அதிகாரி. டெக்சஸின் 254 கவுண்டிகளிலும் ஜட்ஜ் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த சபைக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர். பெயரில்தான் கோர்ட், அங்கே முக்கியமான வேலை பட்ஜெட், சாலை, ஜெயில். இன்னும் வேடிக்கை, ஷெரிஃப், கவுண்டி கிளார்க், வரி அலுவலகத் தலைவர் எல்லாரும் தனித்தனியாக ஜெயித்து வந்தவர்கள். ஜட்ஜ் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது, பணத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஷெரிஃப் மீதான புகாரை ஜட்ஜிடம் கொண்டுபோவதில் பெரிய பயன் இல்லை.

மேயர் விஷயமும் ஊருக்கு ஊர் மாறும். ஹூஸ்டனில் மேயர் உண்மையாகவே நகரத்தை நடத்துகிறார். டல்லாஸிலும் அதன் பக்கத்திலுள்ள ஃப்ரிஸ்கோவிலும் அன்றாட நிர்வாகம் சிட்டி மேனேஜர் கையில். நம்மூர் மாநகராட்சி ஆணையர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இவரை நியமிப்பதும் நீக்குவதும் நகர கவுன்சில், மாநில அரசு அல்ல.

சரி, பணத்துக்கு வருவோம். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்றதும் மகிழ்ந்து வந்தவர்கள் முதல் சொத்து வரி பில்லில் வாயடைத்துப் போவார்கள். அதில் ஒரு சென்ட்கூட மாநில அரசு நேரடியாகப் போட்ட வரி அல்ல, எல்லாம் உள்ளூர் அமைப்புகள் போட்டது. பெரும்பாலும் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குப் போகும். பள்ளி மாவட்டமோ நகரத்துக்கோ கவுண்டிக்கோ கட்டுப்பட்டதல்ல, எல்லையும் ஒத்துப்போகாது. ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள் வீடு வாங்கிவிட்டு, பள்ளி ப்ராஸ்பர் ஐஎஸ்டி (பக்கத்து ஊரின் பள்ளி மாவட்டம்) என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

வீடு பார்க்கும்போது அதிகம் கவனிக்காமல் விடுவது மட் வரி. நகரத்துக்கு வெளியே புதுக் குடியிருப்பு எழும்போது தண்ணீர், சாக்கடை, வடிகால் வேலைகளை அந்த இடத்தை உருவாக்கும் டெவலப்பர் செய்கிறார். அந்தச் செலவை மட் என்கிற அமைப்பு கடன் பத்திரம் போட்டு அவருக்குத் திருப்பித் தருகிறது. கடனை அடைப்பது அங்கே குடிவந்தவர்கள். நூறு டாலர் மதிப்புக்கு 1 டாலர் என்று மட் வரி இருந்தால், 4,00,000 டாலர் வீட்டுக்கு வருடம் 4,000 டாலர். பழைய மட்டில் கடன் குறைந்து 30 சென்ட் ஆகியிருந்தால் 1,200 டாலர்தான். மாதத் தவணையில் இந்த வித்தியாசம் 230 டாலரைத் தாண்டும். வட்டி விகிதத்தில் கால் சதவீதத்துக்குப் பேரம் பேசுபவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம். எச்ஓஏ கட்டணம் இதோடு சேர்த்தி இல்லை. எச்ஓஏ அரசே அல்ல, வீட்டுக்காரர் சங்கம்.

புது வீட்டில் இன்னொரு பள்ளம் உண்டு. மதிப்பீடு ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துத்தான். அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் வருட பில் மனைக்கு மட்டும் வரும். "பரவாயில்லையே" என்று அந்தத் தொகையை வைத்துக் குடும்ப பட்ஜெட் போட்டால், அடுத்த வருடம் வீடும் சேர்ந்த பில் வந்து எஸ்க்ரோவில் (வரிக்காகக் கடன் நிறுவனம் மாதாமாதம் சேர்த்துவைக்கும் கணக்கு) பெரிய ஓட்டை விழும். பழைய வீடு வாங்குபவருக்கும் இதே கதை வேறு ரூபத்தில் வரும். குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு விற்றவருக்கானது, உங்களோடு வராது. அவர் கட்டிய தொகையைப் பார்த்து உங்கள் தொகையைக் கணக்குப் போடாதீர்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு தானாக வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். விண்ணப்பிக்க வேண்டும்; டிரைவிங் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். பள்ளி வரிக்கு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழியும், லேசான தொகை இல்லை. விண்ணப்பம் இலவசம். கட்டணம் கேட்டு அரசு முத்திரை மாதிரி ஒன்றோடு வரும் கடிதம் குப்பைத்தொட்டிக்கு.

வரி அதிகம் என்று வரி அலுவலக ஜன்னலில் சண்டை போடுபவர்களும் உண்டு. அங்கே இருப்பவர் வசூலிப்பவர் மட்டும். மதிப்பைச் சொன்னது அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட், விகிதத்தைப் போட்டது கவுண்டி, பள்ளி, மட் ஆகியவை. மதிப்பு தப்பு என்றால் மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பப்பட்ட 30 நாளுக்குள், இதில் எது பிந்தியதோ அதற்குள், ப்ரொடெஸ்ட் (மதிப்பை எதிர்த்து மனு) போட வேண்டும். பில் கைக்கு வரும்போது அந்தக் காலம் முடிந்திருக்கும்.

ஹூஸ்டன் பக்கம் மட் பில் பல இடங்களில் தனியாக, வேறு வசூலிப்பாளரிடமிருந்து வரும். கவுண்டி பில்லைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தால் பிப்ரவரி 1 அன்று 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும். பில் வரவில்லை என்பது சட்டத்தில் சாக்கு அல்ல.

கடையில் கட்டும் விற்பனை வரி பற்றியும் ஒன்று. 8.25 சதவீதத்தில் 6.25 மாநிலத்துக்கு, மீதி உள்ளூருக்கு. நகரத்துக்கு வெளியே இருக்கும் பல கடைகளை மட்களோடு ஒப்பந்தம் போட்டு, விற்பனை வரிக்காக மட்டும் ஹூஸ்டன் நகரம் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் மட்டுக்கும் ஒரு பங்கு. ஆகவே ஹூஸ்டன் மேயருக்கு ஓட்டுப்போட முடியாத நீங்கள், மளிகைக் கடைக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிடும்போது ஹூஸ்டனுக்கு வரி கட்டிக்கொண்டிருக்கலாம்.

எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் "நமக்கு ஓட்டு இல்லை, நமக்கென்ன" என்று ஒதுங்குகிறார்கள். ப்ரொடெஸ்ட் போட குடியுரிமை தேவையில்லை. விகிதத்தை முடிவு செய்யும் பொது விசாரணையில் பேசவும் தேவையில்லை. மட் போர்டில் ஐந்தே பேர், கூட்டத்துக்கு யாரும் போகலாம். வருடத்துக்கு 4,000 டாலர் வாங்கும் அந்த அறையில் பார்வையாளர் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன.