வீருஸ்: லத்தீன் மாணவர் வழுக்கி விழும் சொல்

லத்தீன் தொடக்க வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கரும்பலகையில், 'நஞ்சு' என்று பொருள்படும், 'வைரஸ்' என்பதன் மூலமான இந்தச் சொல்லுக்கு வேற்றுமை உருபேற்றுகிறார். நான் அந்த வயதில் எழுதிய அதே தவறுகள், அதே துணிச்சல். எழுத்துப்பிழைகள் தானாகத் திருந்திவிடும்; இவை திருந்துவதில்லை.

'உஸ்' என முடிந்தால் ஆண்பால் என்று நினைப்பது

'தோமினுஸ்' (எசமான்) வாய்பாட்டை நெட்டுருப் போட்ட கையோடு, உஸ் என முடியும் எல்லாவற்றையும் அதே அச்சில் வார்த்துவிடுகிறோம். வீருஸ் அதில் அடங்காது. வடமொழி இலக்கணத்தார் நபும்சகலிங்கம் (ஆணுமல்ல, பெண்ணுமல்ல) என்பார்களே, அந்த வகை. வுல்குஸ் (பாமரக் கூட்டம்), பெலகுஸ் (கடல்) இரண்டும் இதன் கூட்டாளிகள். இந்த வகையில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம். பாம்புகளுக்கு ஜூபிடர் கடவுள் நஞ்சைக் கொடுத்ததைச் சொல்லும்போது ரோமானியக் கவிஞர் வர்ஜில் 'மலும் வீருஸ்' என்றுதான் எழுதுகிறார்: 'தீய நஞ்சை'. 'வீரும்' என்று மாற்றவில்லை.

இது தெரியாமல் ஒரு கண்காட்சிப் பதாகைக்கு 'வைரஸ்களிடம் எச்சரிக்கை' என்பதை லத்தீனில் எழுதிக் கொடுத்தேன். பன்மைக்கு ஈ போதும் என்று 'கவேத்தே விரீ'. திறப்பு விழாவில் லத்தீன் தெரிந்த பாதிரியார் ஒருவர் அண்ணாந்து படித்துவிட்டு, "யாரிடமிருந்து?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. நான் எழுதியிருந்தது, 'ஆண்களே, எச்சரிக்கை!' மறு அச்சுக்குப் பணம் என் பையிலிருந்துதான் போனது. 'கவேத்தே வீருஸ்' என்றிருந்தால் போதும். நீர், எண்ணெய் போல இதுவும் எண்ணப்படாத பொருள்; பழைய லத்தீன் நூல்களில் இதற்குப் பன்மையே கிடையாது.

குறில் நெடிலை விழுங்குவது

விரீ, 'ஆண்கள்'. வீரீ, 'நஞ்சின்', ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் கையாண்ட வடிவம். கல்லையும் காலையும் குழப்பாத தமிழர் இங்கே மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

விரிஈ

பன்மை என்று நினைத்து இப்படி எழுதுவதுண்டு. அப்படி ஒரு சொல் இல்லை.

பழைய நூலில் 'கிருமி' என்று மொழிபெயர்ப்பது

ரோமானியருக்கு அது பாம்பு நஞ்சு, கொழகொழத்த சாறு, துர்நாற்றம். 1898இல் டச்சு அறிவியலாளர் பெய்ஜெரிங்க் புகையிலைத் தேமல் நோயின் காரணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது வேறு கதை.

வீரனோடு முடிச்சுப் போடுவது

ஓசையில் மயங்கிப் பலரும் இப்படிச் சொல்கிறார்கள். வடமொழி வழியே தமிழுக்கு வந்த வீரனுக்கு உறவு 'விர்', அதாவது ஆண். வீருஸுக்கு உறவு, அதே வழியில் வந்த நம் 'விஷம்'. ஷகரம் எங்கே ரகரமானது என்று கேட்பார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே சிக்கிய சகரத்தைப் பழைய லத்தீன் ரகரமாக்கிவிட்டது. ஃப்ளோஸ் என்றால் பூ. 'பூவின்' என்பதற்கு ஃப்ளோரிஸ்.