சூப்பர்சார்ஜர் புல்லி மாற்றிய இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுப்பது எப்படி?

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள காரில், அதைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லியைக் கழற்றிச் சின்னதாக மாட்டியதும் முதலில் எழும் கேள்வி, "இனி எந்த பிளக் போடுவது?" யாரைக் கேட்டாலும் ஒரு பிளக் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் அவர்கள் இன்ஜினுக்குச் சரியாக இருக்கும். உங்களுடையதற்கும் சரியா என்பதை நீங்களே தீர்மானிக்கக் கற்றுக்கொள்வதுதான் நல்லது, அது அவ்வளவு கடினமும் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: பிளக் குதிரைத்திறனைக் கூட்டித் தராது. நீங்கள் கூட்டிய வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கி, ஒருமுறைகூடத் தவறாமல் பொறி தருவதுதான் அதன் வேலை.

உதாரணத்துக்கு எனக்குப் பிடித்த இன்ஜினையே எடுத்துக்கொள்கிறேன்: 2002 முதல் 2006 வரை விற்ற, பிஎம்டபிள்யூ தயாரித்த முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ், அதாவது ஆர்53. 1,598 சிசி ட்ரைடெக் இன்ஜின், கம்ப்ரஷன் விகிதம் 8.3:1, ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், தொடக்கத்தில் 163 குதிரைத்திறன். கம்பெனி போட்டுத் தந்த பிளக் என்ஜிகே பிகேஆர்6ஈகியூயூபி. இந்த காரில் பலரும் செய்யும் முதல் மாற்றம், 15% சிறிய சூப்பர்சார்ஜர் புல்லி.

படி 1: என்ன மாறியது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, புல்லி, ஏர் இன்டேக், எக்ஸாஸ்ட், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன், இன்டர்கூலர், கேம்ஷாஃப்ட் (கேம்) என்று மாற்றிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். காரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஆபீஸுக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் காரும், மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் விடாமல் முழு த்ராட்டிலில் ஓடும் காரும் ஒரே பாகங்களைக் கொண்டிருந்தாலும், இரண்டுக்கும் ஒரே பிளக் பொருந்தாது.

புல்லியின் விட்டம் 15% குறைந்தால் சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய 17.6% வேகமாகச் சுற்றும். பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம், 0.8 பார் அளவிலிருந்து 1 பார் பக்கம் ஏறும். ஆனால் பூஸ்ட் மீட்டரில் தெரிவது பாதிக் கதைதான். எம்45 ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. அதன் ரோட்டர்கள் காற்றைத் தமக்குள் அழுத்துவதில்லை, வெளியே தள்ளுகின்றன, அழுத்தம் வெளியில்தான் உருவாகிறது. இவ்வகை சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் திறன் குறைந்து, வெளிவரும் காற்றின் சூடு ஏறும். பிளக்கின் நுனி உணர்வது இந்தச் சூட்டையும்தான்.

படி 2: ஹீட் ரேஞ்சை முடிவு செய்யுங்கள்

முழுத் தேர்விலும் முக்கியமானது இதுதான், பலரும் குழம்புவதும் இங்கேதான். "ஹாட் பிளக்", "கோல்ட் பிளக்" என்பதற்கும் பொறியின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் நுனி எவ்வளவு வேகமாகத் தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதே ஹீட் ரேஞ்ச். நடுவில் தெரியும் வெள்ளைப் பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறும் பாதையும் நீளம், அதனால் நுனி சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது கோல்ட் பிளக்.

நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கார்பன் தானாக எரிந்துபோகும். 800 டிகிரியைத் தாண்டிப் போனால் நுனியே தணல்போல் ஆகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கத் தொடங்கும். இதற்குப் பெயர் ப்ரீ-இக்னிஷன். பூஸ்ட் உள்ள இன்ஜினில் இது சில நொடிகளில் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நுனியை வைத்திருப்பதுதான் நம் வேலை. ஹீட் ரேஞ்சில் ஒரு படி இறங்கினால் நுனியின் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி குறையும்.

கூடுதலாக வரும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி குளிர்ந்த பிளக் என்பது ட்யூனர்கள் சொல்லும் பழைய கணக்கு. பெரிய வி8 இன்ஜினுக்கு அது பொருந்தலாம். 1.6 லிட்டர் இன்ஜினில் முப்பது நாற்பது குதிரைத்திறன் கூடினாலே ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது பெரிய சுமை. அதனால் சின்ன இன்ஜினில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆர்53 விஷயத்தில் என் முடிவு இது. ஏர் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் மட்டும் மாற்றியிருந்தால் கம்பெனி கொடுத்த 6ஆம் எண்ணிலேயே இருங்கள். 15% புல்லி போட்டிருந்தால் ஒரு படி இறங்கி 7 (என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிரும்). டிராக்கில் மட்டும் ஓடும், கேம், ஹெட் எல்லாம் மாற்றிய இன்ஜினுக்குத்தான் 8ஐப் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் ட்யூன் செய்தவரைக் கேட்டுவிட்டு.

"எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு படி இறங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சாலையில் மெதுவாகப் போகும்போது ஆர்53இன் பைபாஸ் வால்வ் திறந்து கிடக்கும், பூஸ்டே இருக்காது. அந்த நேரத்தில் மிகக் குளிர்ந்த பிளக் 450 டிகிரியைத் தொடாமலே இருந்து, பீங்கானில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் பீங்கான் வழியே கசிந்து ஓட, வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். தாங்கக்கூடிய பிளக்குகளில் எது மிகக் குறைவாகக் குளிர்ந்ததோ அதுவே சரியான தேர்வு.

இன்னொன்று. இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்டால் குளிர்ந்த பிளக் போட்டு அதை மறைக்கப் பார்க்காதீர்கள். ஆக்டேன் குறைந்த பெட்ரோல், அதிக இக்னிஷன் அட்வான்ஸ் (பொறி மிக முன்கூட்டியே வருவது), காற்றோடு கலக்கும் பெட்ரோல் போதாமை என்று காரணம் வேறிடத்தில் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகே பிளக்.

படி 3: பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிரும். பாஷ், சாம்பியன் போன்றவற்றில் நேர்மாறு: எண் கூடினால் சூடு. கம்பெனி மாற்றி வாங்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். என்ஜிகே 6க்கு டென்சோவில் 20, 7க்கு 22, 8க்கு 24.

பிகேஆர்7ஈ என்று இருந்தால், முதல் இரண்டு எழுத்தும் 14 மில்லிமீட்டர் மரையையும் 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் அளவையும் குறிக்கும். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. இது கட்டாயம் வேண்டும், இல்லையேல் இசியுவுக்கும் சென்சார்களுக்கும் மின் இரைச்சல் போகும். 7 ஹீட் ரேஞ்ச். ஈ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளம். இந்த நீளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம், குறைந்தால் ஹெட்டின் மரையில் கரி ஏறும். கடைசியில் -11 என்று இருந்தால் கேப் (பொறி தாண்டும் இடைவெளி) 1.1 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பூஸ்ட் உள்ள இன்ஜினுக்கு அதை வாங்காதீர்கள்.

போலி என்ஜிகே பிளக்குகள் ஆன்லைனில் ஏராளம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 4: நுனி எந்த உலோகம்?

நிக்கல் நுனி மலிவு, ஆனால் சீக்கிரம் தேயும். இரிடியத்தின் உருகுநிலை 2,400 டிகிரிக்கும் மேல், அதனால் நுனியை 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய நுனியில் பொறி குறைந்த வோல்டேஜிலேயே பாயும். பூஸ்ட் உள்ள இன்ஜினுக்கு இது உண்மையான பலன்.

ஆனால் ஆர்53இல் ஒரு சிக்கல் உண்டு. இதன் இக்னிஷன் வேஸ்டட் ஸ்பார்க் முறை, அதாவது இரண்டு பிளக்கில் ஒரே நேரத்தில் பொறி வரும், அதில் ஒன்று வீண். ஒரே காயில் பேக், நான்கு கேபிள். ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களின் பிளக்குகள் சேர்ந்து பொறி தரும், இரண்டும் மூன்றும் சேர்ந்து தரும். ஜோடியில் ஒரு பிளக்கில் பொறி நடு நுனியிலிருந்து பக்கவாட்டுக் கம்பிக்குப் பாயும், மற்றதில் கம்பியிலிருந்து நுனிக்கு. ஆக இரண்டு பிளக்குகளில் நுனி தேயும், மற்ற இரண்டில் கம்பி தேயும். பிகேஆர்7ஈஐஎக்ஸில் நடு நுனி மட்டும்தான் இரிடியம், கம்பி நிக்கல். அதைப் போடலாம், நன்றாகவே ஓடும். ஆனால் இரிடியம் என்பதற்காக லட்சம் கிலோமீட்டர் எதிர்பார்க்காதீர்கள்.

அப்படியானால் கம்பெனி பிளக்கின் 7ஆம் எண் வடிவமான பிகேஆர்7ஈகியூயூபியே போதாதா? சாலையில் ஓட்டும் காருக்கு அது நல்ல தேர்வு, நீடித்தும் உழைக்கும். ஆனால் அதில் நான்கு பக்கவாட்டுக் கம்பிகள், கேப்பை மாற்ற முடியாது. பூஸ்டை இன்னும் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஒற்றைக் கம்பி உள்ள பிளக்கே வசதி.

படி 5: கேப்

வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தே பொறி பாயத் தேவையான வோல்டேஜ் அமையும் என்று 1889இல் ஃப்ரீட்ரிக் பாஷன் காட்டினார். அழுத்தம் ஏறினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். பூஸ்ட் 0.8 பாரில் இன்டேக்கின் மொத்த அழுத்தம் சுமார் 1.8 பார். 1 பாரில் அது 2.0. 1.8ஐ 2.0ஆல் வகுத்தால் 0.9. ஏற்கெனவே 0.8 மில்லிமீட்டர் கேப் சரியாக வேலை செய்தது என்றால், இப்போது 0.72 பக்கம் வைத்துத் தொடங்கலாம். இது தோராயக் கணக்கு, ஆனால் நல்ல தொடக்கம்.

முழு த்ராட்டிலில், உயர் ஆர்பிஎம்மில் மட்டும் வண்டி விக்கினால் பொறி அணைகிறது என்று பொருள். 0.05 மில்லிமீட்டர் குறைத்துப் பாருங்கள். தேவைக்கு மேல் குறைத்தால் தீச்சுடர் தொடங்கும் இடம் சிறிதாகி ஐட்லிங் கரடுமுரடாகும்.

இரிடியம் பிளக்கில் கேப்பைச் சரிசெய்யும்போது நுனியை எதுவும் தொடக்கூடாது, அது எளிதில் உடையும். வளைக்க வேண்டியது பக்கவாட்டுக் கம்பியை மட்டும். அளக்கக் கம்பி வகை கேஜ் போதும். நாணயம்போல் வட்டமாக இருக்கும் கேஜை நுனிக்கும் கம்பிக்கும் நடுவே நெம்பாதீர்கள்.

படி 6: மாட்டுவது

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் குழியில் உள்ள தூசியைக் காற்றடித்து எடுத்த பிறகே கழற்றுங்கள். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதையும் பட்டியலில் சேருங்கள். புதிய பிளக்கைக் கையால் சுற்றி உட்கார வைத்து, பிறகு டார்க் ரென்சில் 27 நியூட்டன் மீட்டர். தளர்வாக இருந்தால் பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாது. படி 2இல் எடுத்த முடிவு அத்தனையும் வீணாகும். முலாம் பூசிய மரைக்கு ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவ வேண்டாம் என்பதே என்ஜிகேயின் அறிவுரை, தடவினால் தேவைக்கு மேல் இறுகிவிடும்.

படி 7: கழற்றிப் பாருங்கள்

சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அதில் சில முறையாவது பாதுகாப்பான இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்த பிறகு, நான்கையும் கழற்றி சிலிண்டர் வரிசையில் வையுங்கள். பூதக்கண்ணாடி அவசியம்.

முதலில் பக்கவாட்டுக் கம்பி. அதில் சூடு ஏறிய பகுதிக்கும் ஏறாத பகுதிக்கும் நடுவே நிறம் மாறும் கோடு தெரியும். கோடு வளைவின் நடுப்பகுதியில் இருந்தால் ஹீட் ரேஞ்ச் பொருந்தியிருக்கிறது. மரையை நோக்கி இறங்கியிருந்தால் பிளக் சூடாக ஓடுகிறது, நுனியை ஒட்டியே இருந்தால் குளிர்ந்து கிடக்கிறது. இன்றைய ஈயமற்ற பெட்ரோலில் பீங்கானின் நிறத்தைவிட இந்தக் கோட்டையே நான் நம்புவேன்.

பிறகு பீங்கான். காய்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் மிகக் குளிர். கண்ணாடிபோல் பளபளத்துக் கொப்புளம் தெரிந்தால் மிகச் சூடு. மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பு அல்லது பளபளக்கும் வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் கவனம்: இன்ஜினில் நாக்கிங் நடக்கிறது, வெள்ளிப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அதற்குமேல் பூஸ்டில் ஓட்டாமல் காரை ட்யூன் செய்தவரிடம் கொண்டுபோங்கள்.

மூன்று பிளக் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால், பிளக்கை மாற்றிப் பயனில்லை. அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், கேபிள், கம்ப்ரஷன் மூன்றையும் சோதியுங்கள். நான்கும் சரி என்றால் அதே பிளக்கில் தொடருங்கள், ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கேப்பை மறுபடி அளந்து, அகன்றிருந்தால் மாற்றுங்கள்.