கப்பல் அறைப் பணியாளரிடம் கோரிக்கை வைப்பது எப்படி: முதன்முறைப் பயணிகளுக்கான செய்முறை விளக்கம்

சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகளில் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களில், பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகச் செல்லும் தமிழர்கள் பலர். முதன்முறை செல்லவிருப்போர் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் அறையைப் பற்றிய கேள்விகளே. ஒட்டிப் போட்ட கட்டிலைப் பிரித்துத் தருவார்களா, அம்மாவின் இன்சுலினை எங்கே வைப்பது, கைக்குழந்தைக்குத் தொட்டில் உண்டா, மின்கெண்டியைக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். இவற்றுள் சிலவற்றுக்கு உங்கள் அறையைப் பராமரிக்கும் கேபின் ஸ்டூவர்டு உடனே வழிசெய்வார். சிலவற்றை அவரிடம் கேட்டுப் பயனில்லை. எதை, யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்பதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: அவருடைய நாள் எப்படிப்பட்டது?

ஸ்டூவர்டு ஒருவர் பொதுவாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட அறைகளைக் கவனிக்கிறார். இவர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர்கள். ஒப்பந்தம் நீடிக்கும் மாதங்கள் முழுவதும் வாரத்தின் ஏழு நாளும் வேலை செய்பவர்கள். 2013 ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளருக்கு 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், 7 நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வின் கீழ்வரம்பாக வகுத்திருக்கிறது. ஓய்வுக்கு இப்படியொரு கீழ்வரம்பைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே வேலையின் நீளத்தை நாம் புரிந்துகொள்ளலாம்.

இந்த வேலையில் மிகக் கடினமான நாள், நீங்கள் ஏறும் நாள்தான். காலையில் கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் பழைய பயணிகள் இறங்குகிறார்கள். நண்பகலுக்கு முன்பே புதிய பயணிகள் ஏறத் தொடங்குகிறார்கள். பிற்பகல் ஒரு மணி, ஒன்றரை மணி அளவில் அறைகள் திறக்கப்படுகின்றன. இடைப்பட்ட சில மணி நேரத்துக்குள் தம் பொறுப்பிலுள்ள எல்லா அறைகளிலும் படுக்கை விரிப்புகளை மாற்றி, குளியலறைகளைக் கழுவி, அடுத்து வருவோரின் பட்டியலைப் பார்த்துக் கட்டில்களைச் சேர்க்கவோ பிரிக்கவோ வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் தேவை முன்னரே இடம்பெற்றிருந்தால், வெற்று அறையில் வேலை எளிதாக முடிந்துவிடும். நீங்கள் பெட்டிகளுடன் உள்ளே வந்த பிறகு கேட்டால், மெத்தையைத் தூக்கி, பக்கத்து மேசையை நகர்த்தி, பெட்டிகளைத் தாண்டிக் கட்டிலை இழுக்க வேண்டியிருக்கும். என் முதல் பயணத்தில் நான் அப்படித்தான் மாலை நான்கு மணிக்குக் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். ஆனால், வியர்த்து நின்ற அவரைப் பார்த்தபோது, ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று வருந்தினேன்.

படி 1: கோரிக்கைகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அறை தொடர்பாகக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று எழுதுங்கள். பிறகு, புறப்படும் முன்பே நிறுவனத்திடம் சொல்ல வேண்டியவை, கப்பலில் ஸ்டூவர்டிடம் சொல்ல வேண்டியவை, ஸ்டூவர்டின் வேலையே அல்லாதவை என்று அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிரிவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெங்காயம், பூண்டு இல்லாத சைவச் சாப்பாடு வேண்டுமென்றால், அது உணவகப் பிரிவின் பொறுப்பு. முன்பதிவிலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டு, முதல் இரவு உணவின்போது தலைமைப் பரிமாறுநரிடம் நினைவூட்ட வேண்டும். கட்டணக் கணக்கு, அறை மாற்றம், இழந்த சாவி அட்டை ஆகியவற்றுக்கு விருந்தினர் சேவை மேசைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளுமாறு ஸ்டூவர்டிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். பெரிய கப்பல்கள் பலவற்றில் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் சிறுவர் கூடம் இருக்கிறது.

படி 2: புறப்படும் முன்பே சொல்ல வேண்டியவை

குழந்தைத் தொட்டில், மருந்துக்கான குளிர்பெட்டி, குளியலறையில் உட்கார்ந்து குளிப்பதற்கான நாற்காலி, உறக்கத்தில் மூச்சுத் திணறலுக்குப் பயன்படுத்தும் சிபாப் கருவிக்குத் தேவையான காய்ச்சி வடிகட்டிய நீர், அக்கருவிக்கான நீட்டிப்பு மின்கம்பி ஆகியவை கப்பலில் அளவாகவே இருக்கும். பெரிய நிறுவனங்கள் அனைத்தும் இவற்றுக்கென்று சிறப்புத் தேவைகள் பிரிவு ஒன்றை வைத்திருக்கின்றன. அதன் படிவத்தைக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே நிரப்பி அனுப்பிவிடுங்கள். முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தால், “சொல்லிவிட்டேன்” என்று அவர் சொல்வதோடு நின்றுவிடாமல், நிறுவனம் அனுப்பிய உறுதிச் செய்தியைக் கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் சேர்ந்திருக்க வேண்டுமா, தனித்தனியே இருக்க வேண்டுமா என்பதையும் முன்பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிட்டுவிடலாம்.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். அது உறைந்துவிட்டால் பிறகு பயன்படுத்தக் கூடாது. அறையிலுள்ள சிறிய குளிர்பெட்டியோ பெரும்பாலும் பானங்களைக் குளுமையாக வைக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். நான் அம்மாவை அழைத்துச் சென்ற பயணத்தில், ஒரு சிறு வெப்பமானியை அதற்குள் வைத்துப் பார்த்தபோது அது 14 டிகிரி காட்டியது. ஸ்டூவர்டிடம் அதைக் காட்டி, உறுதிச் செய்தியின் அச்சுப்படியையும் கொடுத்தேன். இரவு உணவுக்கு முன்பே மருந்துக்கான தனிக் குளிர்பெட்டி வந்து சேர்ந்தது. பயன்படுத்திய ஊசிகளைப் போடுவதற்கான கெட்டியான பெட்டியையும் அவரிடமே கேளுங்கள். ஊசியைக் குப்பைக்கூடையில் போட்டால், அதை எடுத்துக் கொட்டுகிறவர் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று: துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும் என்பதால், மருந்துகள் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

படி 3: முதல் நாளில் ஒரே தடவையில் சொல்லுங்கள்

முதல் நாள் பிற்பகலிலோ மாலையிலோ ஸ்டூவர்டு தம்மை அறிமுகம் செய்துகொள்ள வருவார். வராவிட்டால், நடைக்கூடத்தில் வண்டியுடன் நிற்கும் அவரை நீங்களே சென்று பார்க்கலாம். அவருடைய பெயரையும், தொலைபேசியில் அழைக்க வேண்டிய எண்ணையும் அறையில் ஓர் அட்டையில் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள். பெயரைச் சொல்லி வணங்கி, உங்கள் பெயரையும் சொல்லுங்கள். நம் ஊர் விடுதிகளில் செய்வதுபோல் “தம்பி” என்று கைதட்டி அழைப்பது இங்கே பொருந்தாது.

எல்லாத் தேவைகளையும் அந்த ஒரே சந்திப்பில் சொல்லிவிடுவது நல்லது. ஹேங்கர் இன்னும் பத்து, தலையணை இரண்டு, கம்பளி ஒன்று, காலையும் மாலையும் பனிக்கட்டி, மினிபாரிலுள்ள பானங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக்குவது, இறகுத் தலையணை ஒவ்வாதவருக்கு வேறு தலையணை, மெத்தை கடினமாக இருந்தால் மேலே போடும் நுரை விரிப்பு, அடுத்தடுத்த அறைகளில் உறவினர் இருந்தால் பால்கனித் தடுப்பைத் திறந்துவிடுவது: இவையெல்லாம் அவரிடம் தாராளமாகக் கேட்கக்கூடியவை. கப்பலில் இருப்பு இருந்தாலோ, அறையின் அமைப்பு இடங்கொடுத்தாலோ கட்டணமின்றிச் செய்து தருவார். காலியான பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் அறையும் விசாலமாகும், அவருக்கும் துப்புரவு செய்ய வசதியாக இருக்கும்.

வாய்மொழியாகச் சொன்னதைத் தாளிலும் எழுதிக் கொடுங்கள். அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, நமக்கும் இரண்டாம் மொழி. சுற்றி வளைத்த மரியாதைத் தொடர்களை விடச் சிறிய, நேரான வரிகளே பயன்படும். அறை எண், தேவை, எத்தனை, எப்போது என்று நான்கு செய்திகள் போதும். எடுத்துக்காட்டாக, “அறை 8214. தலையணை இரண்டு கூடுதலாக வேண்டும். இன்று இரவு. நன்றி.” என்ற பொருளில் எளிய ஆங்கிலத்தில் எழுதலாம். அதே தாளை, மறுநாள் அவர் கண்ணில் படும்படி கண்ணாடி முன் வைத்துவிடுங்கள்.

கழிவறையைப் பற்றி நம்மவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. மேலைநாட்டு நிறுவனங்களின் கப்பல்களில் பீய்ச்சுக் குழாய் பொதுவாக இருக்காது. கூடுதலாக ஒரு குவளை கேட்டால் அவரால் தர இயலலாம். ஆனால், ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வதுதான் உறுதியான வழி. அந்தக் கழிவறைகள் காற்றை உறிஞ்சி இயங்குபவை. ஈரத் துடைப்புத்தாளையோ குழந்தையின் அணையாடையையோ உள்ளே போட்டால், உங்கள் அறையோடு பக்கத்து அறைகளின் குழாயும் அடைத்துக்கொள்ளக்கூடும்.

படி 4: அவரால் செய்ய முடியாதவற்றைக் கேட்காதீர்கள்

நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து இல்லை. எனவே ஊதுபத்தி, விளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு அறையில் இடமில்லை. காலையில் விளக்கேற்றும் வழக்கமுடையவர்கள், பேட்டரியில் எரியும் சிறு விளக்கைக் கொண்டுசெல்லலாம். பெரும்பாலான கப்பல்களில் மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, சோறு வடிக்கும் குக்கர் ஆகியவையும் தடுக்கப்பட்டவை. பெட்டிச் சோதனையில் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். மின்னழுத்தப் பாதுகாப்புடைய பல்முனைச் செருகிகளுக்கும் இதே விதிதான். “யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்” என்று ஸ்டூவர்டிடம் கேட்பது, அவருடைய வேலையையே பணயமாகக் கேட்பதாகும். வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துச் சென்று, பஃபே உணவகத்தில் நிரப்பிக்கொள்ளலாம். சாவி அட்டையின்றி நிற்கும் ஒருவருக்கு, உறவினரே ஆனாலும், அறையைத் திறந்துவிடுமாறு சொல்லாதீர்கள்.

படி 5: துப்புரவு நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்

முன்பு காலையும் மாலையும் என இருவேளையும் அறையைச் சீர்செய்வது பொது வழக்கமாக இருந்தது. 2022, 2023 காலத்தில் ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலான சாதாரண அறைகளுக்கு அதை ஒருவேளையாகக் குறைத்துவிட்டன. ஒருவேளைதான் என்றால், காலையா மாலையா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிற்பகலில் உறங்கும் முதியவரோ குழந்தையோ இருந்தால், காலை உணவுக்குப் போகும் நேரமே எல்லோருக்கும் ஏற்றது. அந்த நேரத்தில் அறையை உண்மையிலேயே காலி செய்து கொடுப்பது உங்கள் பங்கு. தொந்தரவு செய்யாதீர் அட்டையை நாள் முழுவதும் தொங்கவிட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குத் துண்டு கேட்பது அவருடைய ஓய்வில் கைவைப்பதாகும்.

குடும்பத்தில் யாருக்கேனும் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் கப்பல் மருத்துவ நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். நோரோவைரஸ் மூடிய இடங்களில் விரைந்து பரவும் கிருமி. அந்த அறைக்கென்று தனிக் கிருமிநீக்க முறை உண்டு. தெரியாமல் வழக்கம்போல் துடைக்கும் ஸ்டூவர்டே முதலில் நோயுறக்கூடும். அவர் வழியாக மற்ற அறைகளுக்கும் அது பரவக்கூடும்.

படி 6: கேட்டது நடக்காவிட்டால்

ஒரு நாள் பொறுத்து, அவரிடமே மறுபடி சொல்லுங்கள். பல நேரங்களில் பொருள் கிடங்கிலிருந்து வரத் தாமதமாகியிருக்கும். குழாய்க் கசிவு, ஏசிப் பழுது போன்றவற்றைப் பராமரிப்புப் பிரிவுதான் சரிசெய்ய வேண்டும். அவர் பதிவு செய்து தர மட்டுமே முடியும். மருந்துக் குளிர்பெட்டி போன்ற அவசரத் தேவைக்கு மட்டும் காத்திருக்காமல், விருந்தினர் சேவை மேசைக்கு உடனே அச்சுப்படியுடன் செல்லுங்கள்.

படி 7: டிப்ஸும் கடைசி மாலையும்

அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸாகக் கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. அது ஸ்டூவர்டுக்கு மட்டுமன்றி, உணவகப் பணியாளர் உள்ளிட்ட பலருக்கும் பகிரப்படுவது. அதை நீக்கச் சொல்லிச் சேவை மேசையில் வரிசையில் நிற்போரை நான் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. சிறப்பாகச் செய்தவருக்கு, கடைசி மாலையில் ஓர் உறையில் கூடுதலாக வைத்து நேரில் கொடுங்கள். பயணத்துக்குப் பின் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். பணி உயர்வின்போது அந்த வரிகள் அவருக்குத் துணைநிற்கக்கூடும்.

கடைசி இரவில் அறைக்கு வெளியே வைக்கும் பெட்டிகளில் கட்டுவதற்கான அடையாளப் பட்டைகள் போதவில்லையென்றால், மாலையிலேயே அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கதவைச் சாத்தும் முன், மருந்துக் குளிர்பெட்டியைத் திறந்து, இன்சுலின் அனைத்தும் கைப்பைக்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.