தேடினால் தொடர் கிடைக்காத சிக்கல்: சரிசெய்த விதம்

ஓடிடி தளத்தின் பட்டியலில் இருக்கும் தொடரே தேடலில் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது பரிந்துரை நிரலை அல்ல. ‘0 முடிவு’ வந்த தேடல்களின் பதிவை. அதை எண்ணிக்கைப்படி அடுக்கி, முதல் 200 வரிகளைக் கண்ணால் படித்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும்.

எனக்கு அகப்பட்ட முதல் குற்றவாளி எழுத்துக்குறிமுறை, அதாவது எழுத்துகளைக் கணினி எண் குறியீடுகளாகச் சேமிக்கும் முறை. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடே தெரியாது; தேடுபொறிக்கு அவை வேறு சொற்கள். தலைப்பு, தேடல்சொல் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பல விதமாகச் சேமித்ததை ஒரே விதமாக்கும் வடிவம்) மாற்றினால் இது தீரும். ஆனால் ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’, ‘ள’ என்று தட்டியதை என்எஃப்சி தொடாது. அதற்குத் தனி மாற்று விதி எழுதியாக வேண்டும்.

அடுத்தது பிழை பொறுக்கும் தேடல். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் ‘ஆட்டோ’ அமைப்பு, 3 முதல் 5 குறியீடு வரை நீளமுள்ள சொல்லில் ஒரு பிழையை அனுமதிக்கும். தமிழில் உயிர்மெய் பெரும்பாலும் 2 குறியீடு என்பதால் ‘கொடி’ 4 ஆகிறது. கோடி, கொடு எல்லாம் வந்து குவியும். எல்லையை 5, 9 என்று உயர்த்தி (5 குறியீட்டிலிருந்து ஒரு பிழை, 9-லிருந்து இரண்டு), முதல் குறியீடு பொருந்தியே ஆகவேண்டும் என வைத்ததும் குப்பை குறைந்தது.

ஆங்கில எழுத்தில் தட்டுவோருக்காக ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று நான்கு மாற்று எழுத்துக்கூட்டல் போதும். நடிகர், கதாபாத்திரப் பெயர்களையும் தேடுபுலத்தில் சேருங்கள், தலைப்பைவிடக் குறைந்த எடையில். இதைச் செய்தபின் பழைய தரவை மறு அட்டவணையிட, அதாவது தேடுபொறியில் மீண்டும் ஏற்ற, மறக்கக்கூடாது. மறந்தால் புதிய தொடர்கள் மட்டுமே சிக்கும்.